இல்லாத வேலாயுதத்துக்குக் கிடைத்த டெண்டர்

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். தாலுகா போர்டு ஆபீசில் முப்பத்தோரு வருஷம் நாற்காலியைத் தேய்த்தவனிடம் நல்ல வார்த்தை எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று அவர்கள் யோசிக்கவில்லை. ஒழுக்கம், நேர்மை, நேரத்துக்கு வருவது இவற்றைப் பற்றியெல்லாம் மற்றவர்கள் பேசுவார்கள். மாலை போட்டுக்கொண்டு பேசுவார்கள். நான் ஒரு கள்ளக் கையெழுத்தைப் பற்றிச் சொல்கிறேன். போட்டவன் நான்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரம் பிறந்த சமயம். எனக்கு இருபத்திரண்டு வயது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீசில், போர்டுப் பள்ளிக்கூடங்களுக்கு வேண்டிய பெஞ்சு, கரும்பலகை, சுண்ணாம்பு, கூரை எல்லாவற்றுக்கும் டெண்டர் வாங்கும் மேஜையில் என்னை உட்கார வைத்திருந்தார்கள். எனக்கு மேலே பெரிய கிளார்க். அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவருடைய பேரன்கள் நல்ல வேலையில் இருக்கிறார்கள். விதிகள் அத்தனையும் அவருக்கு மனப்பாடம் என்று ஆபீசே நம்பியது. அவரும் நம்பினார். விதிப்புத்தகம் அவர் மேஜையில்தான் இருக்கும், வெற்றிலைப் பெட்டிக்கு அடியில்.

மம்சாபுரம் போகிற வழியில் ஒரு சின்ன ஊர். அங்கே எங்கள் போர்டுப் பள்ளிக்கூடம் ஒன்று, பனை ஓலைக் கூரை. இரண்டு வருஷமாக மாற்றாததால் ஓலை மக்கி, உள்ளே இருந்து பார்த்தால் வானம் தெரிந்தது. வாத்தியார் மாதம் ஒரு கடிதம் எழுதுவார். கடைசிக் கடிதத்தில், “பையன்களுக்கு நட்சத்திரங்களைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க இந்தக் கூரை மிகவும் வசதியாக இருக்கிறது. பகலில் பள்ளிக்கூடம் நடப்பது ஒன்றுதான் குறை” என்று எழுதியிருந்தார். புரட்டாசி பாதி போய்விட்டது. ஐப்பசி மழைக்குள் கூரை போட்டாக வேண்டும்.

டெண்டர் விளம்பரம் ஒட்டினோம். வந்தது ஒரே கவர். ராஜபாளையத்தில் மூங்கில், ஓலை, கயிறு வியாபாரம் செய்த மைதீன் ராவுத்தருடையது. வேறு யாரும் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள். காரணம் எங்கள் நிபந்தனைத் தாள். பள்ளிக்கூட வேலைக்கு வருபவர் தன் ஊர் கிராம முன்சீப்பிடம் நன்னடத்தைச் சான்று வாங்க வேண்டும். ஆபீசுக்கு நேரில் வந்து முகம் காட்ட வேண்டும். தன் பெயரில் எடுத்த வேலையை இன்னொருவரிடம் கைமாற்றக் கூடாது. பையன்கள் உட்கார்ந்திருக்கும்போது மேலே ஏறக் கூடாது. வளாகத்துக்குள் வெற்றிலை எச்சில் துப்பக் கூடாது. இப்படி மூன்று பக்கம். ராவுத்தர் ஒருவர்தான் அதை முழுசாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “நிக்காஹ்வுக்குக்கூட இம்புட்டுக் கேள்வி கேக்கலையே தம்பி” என்று சொல்லிக் கையெழுத்துப் போடுவார்.

அந்த ஒரு கவரை எடுத்துக்கொண்டு பெரிய கிளார்க்கிடம் போனேன். அவர் வெற்றிலையை மடித்தபடியே, “மூணு இருக்கணும்லா, விதி” என்றார்.

“ஒண்ணுதான்யா வந்திருக்கு.”

“மூணு கவர் வேணும்னுதான் விதி சொல்லுது. மூணு ஆளு வேணும்னு சொல்லலை.” என்னை நிமிர்ந்து பார்த்தார். “நீ எடது கையால எழுதுவியாலே?”

அன்று என் இடது கையும் வேலைக்குச் சேர்ந்தது. கருப்பசாமி என்று ஒருவனையும், வேலாயுதம் என்று ஒருவனையும் பெற்றெடுத்தேன். கருப்பசாமிக்குத் தளவாய்புரம். வேலாயுதத்துக்குச் சோழபுரத்துக்கு அப்பால் ஒரு குக்கிராமம். போர்டு ஆட்கள் யாரும் அங்கே போனதில்லை என்பதுதான் அந்த ஊரின் சிறப்பு. ராவுத்தரின் கவரில் அரக்கு வைத்திருந்ததால் உள்ளே என்ன ரேட் என்று தெரியாது. போன வருஷம் வேறொரு பள்ளிக்கூடத்துக்கு அவர் கொடுத்த ரேட்டை எடுத்து, கருப்பசாமிக்கு நிறையக் கூட்டினேன். வேலாயுதத்துக்கு இயல்பாக இருக்கட்டும் என்று கொஞ்சமே கூட்டினேன். டெண்டரோடு கட்ட வேண்டிய வைப்புப் பணத்தை இருவருக்கும் என் சம்பளத்திலிருந்து கட்டினேன். திரும்பி வந்துவிடும் பணம்தானே என்று பெரிய கிளார்க் தைரியம் சொன்னார். தைரியம் மட்டும்தான் சொன்னார்.

அப்போது போர்டுக்குப் பிரசிடென்ட், டிப்டி கலெக்டர். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், மாற்றலாகி வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பழைய பிரசிடென்ட் கவர்களைக் கிளார்க்கே பிரித்து வாசிக்கட்டும் என்று கண்ணை மூடிக்கொள்வார். இவர் போர்டுக் கூட்டத்தில் கத்தரியைக் கையில் எடுத்துத் தாமே பிரித்தார். கருப்பசாமியை ஓரமாக வைத்தார். ராவுத்தரைப் பார்த்தார். வேலாயுதத்தைப் பார்த்தார். மறுபடி ராவுத்தரைப் பார்த்தார்.

அந்த வருஷம் ஓலை விலை ஏறியிருந்தது. ஆபீசுக்குள் உட்கார்ந்திருந்தவனுக்கு அது எப்படித் தெரியும்? ராவுத்தர் ரேட்டை உயர்த்தியிருந்தார்.

“வேலாயுதம் என்பவர்தான் குறைவு. ஏற்கப்பட்டது” என்றார் பிரசிடென்ட். மெம்பர்கள் தலையாட்டினார்கள். “புது ஆளாகத் தெரிகிறது. நல்லது, ஒருவரையே நம்பிக்கொண்டிருக்கக் கூடாது. திங்கள்கிழமை ஆளைச் சான்றோடு வரச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்தில் வேலை செய்பவரை நான் நேரில் பார்க்க வேண்டும்.”

திரும்பிப் பார்த்தேன். பெரிய கிளார்க் ஜன்னல் வழியாகக் கோபுரத்தைச் சேவித்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் அவர் காதோடு சொன்னது இதுதான்: “பதறாதலே. மொதல்ல சான்றை வாங்கு. காயிதம் இருந்தா ஆளு தானா வருவான்.”

தம்பிகளே, மேலதிகாரி தப்பான வழி சொன்னால் அதை ஏற்கக் கூடாது என்று இங்கே நான் சொல்ல வேண்டும். உண்மை என்னவென்றால், மறுநாள் காலையில் நான் மாட்டு வண்டி பிடித்துச் சோழபுரம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன்.

அந்த ஊர் கிராம முன்சீப் மாட்டுக்கு லாடம் அடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். விஷயத்தைச் சொன்னேன்.

“எந்த வேலாயுதம்?” என்றார். “எங்க ஊர்ல மூணு வேலாயுதம் இருக்காவ. ஒருத்தருக்கு எம்பது வயசு. ஒருத்தர் பட்டாளத்துல இருந்து பென்சனாகி வந்தவரு. இன்னொருத்தன் எட்டு வயசுப் பொடியன்.”

“கூரை மேயுறவர்.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “அப்ப நாலாவதா ஒருத்தன் இருப்பான் போல” என்று சொல்லி, காகிதத்தை வண்டிப் பலகை மேல் வைத்து எழுதினார். மேற்படி வேலாயுதம் மேல் இன்றுவரை எந்தப் பிராதும் இல்லை, குடிப்பழக்கம் இல்லை, யாருக்கும் எந்தத் தொந்தரவும் கொடுத்ததில்லை. நானும் படித்துப் பார்த்தேன். அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. என் முப்பத்தோரு வருஷத்தில் அவ்வளவு சுத்தமான நன்னடத்தைச் சான்றை நான் மறுபடி பார்த்ததே இல்லை.

திங்கள்கிழமை சான்று வந்தது, ஆள் வரவில்லை. உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லிவைத்தேன். புதன்கிழமை பிரசிடென்ட் மறுபடி கேட்டார். பெரிய கிளார்க் என்னைப் பின்பக்கம் அழைத்துப்போய், “ஆளைச் சாகடிச்சுரு” என்றார், வெயிலுக்குக் குடையை விரி என்பதுபோல. “டெண்டர் எடுத்தவன் செத்துட்டா அடுத்த ரேட்டுக்காரனுக்குப் போகும். ராவுத்தர் வந்துருவாரு. கூரையும் வந்துரும். எல்லாருக்கும் நல்லது.”

யோசித்துப் பார்த்ததில் அதில் ஒரு நியாயம் இருப்பதுபோலவும் பட்டது. நானே பிறப்பித்தவன், நானே அனுப்பிவைக்கிறேன். பிரசிடென்ட் முன்னால் போய் நின்று, வேலாயுதம் பேதி கண்டு இறந்துபோனார் என்று சொன்னேன். குரல் நடுங்கியது. துக்கத்தால் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

பேனாவைக் கீழே வைத்தார். “சம்சாரம், குழந்தைகள்?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. பதற்றத்தில், உண்டு என்று தலை ஆடிவிட்டது.

“பாவம்” என்றார். “வைப்புப் பணம் இருக்கிறதல்லவா? காகிதம் எழுதி அந்த அம்மாவை அலைக்கழிக்க வேண்டாம். சனிக்கிழமை நான் ராஜபாளையத்தில் முகாம். அங்கே அழைத்து வா. நானே கையில் கொடுக்கிறேன்.”

நல்ல மனுஷனிடம் பொய் சொல்வதில் இருக்கும் கஷ்டம் இதுதான்: அவர் உதவி செய்ய வந்துவிடுவார்.

பெரிய கிளார்க்கிடம் ஓடினேன். அவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, “எங்க வீட்டுல சமைக்கிறவ ஒருத்தி இருக்கா, நல்லா அழுவா” என்று ஆரம்பித்தார். அப்போதுதான் எனக்கு முதல்முறையாக அந்த மனுஷன் மேல் சந்தேகம் வந்தது. அவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகை முடிந்த நேரத்துக்குப் பிறகு, மைதீன் ராவுத்தர் ஆபீசுக்கு வந்தார். அவர் எப்போதும் சத்தமாகத்தான் வருவார். வாசலில் இருந்தே பியூனைக் கிண்டல் செய்துகொண்டு வருவார். அன்று பேசாமல் வந்து என் மேஜைக்கு முன்னால் நின்றார். வேட்டியில் சேறு. முழங்கையில் சிராய்ப்பு.

“உக்காருங்க ராவுத்தரே. என்ன இது?”

“சோழபுரம் பக்கம் போயிட்டு வாரேன்” என்றார். “வேலாயுதம்னு ஒருத்தர் எனக்குப் போட்டியா டெண்டர் போட்டு வாங்கிட்டாருன்னதும் எனக்கு ஆத்திரந்தான். இந்தத் தாலுகாவுல எனக்குத் தெரியாம ஓலை வாங்குறவன் எவன்னு ராவும் பகலும் யோசிச்சேன். பொறவு அவரு செத்துட்டாருன்னு உங்க பியூன் சொன்னான். மனசு கேக்கலை. ஒரு மனுசன் மேல ஆத்திரப்பட்டோம், அவரு போயிட்டாரு. புள்ளகுட்டி இருக்குன்னாவ. ஒரு மூட்டை அரிசியை வண்டியில போட்டுக்கிட்டுத் துக்கம் கேக்கப் போனேன்.”

நான் மேஜைமேல் இருந்த காகிதங்களை அடுக்க ஆரம்பித்தேன்.

“மூணு வீட்டைக் காட்டுனாவ. மொத வீட்டுல எம்பது வயசுப் பெரியவரு. எனக்கா துக்கம்னு கேட்டு அழுதுட்டாரு. சாவு நெருங்கிட்டுன்னு வீட்டுல மறைக்காவளோன்னு அவருக்குப் பயம். தேத்துறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிட்டு. ரெண்டாவது வீட்டுல பட்டாளத்துக்காரரு. உயிரோட இருக்கவனுக்கே துக்கம் கேக்க வந்தியான்னு கம்பை எடுத்துக்கிட்டு வாய்க்கா வரைக்கும் வெரட்டுனாரு. அதுலதான் விழுந்தேன். மூணாவது வேலாயுதம் சின்னப் பய. அவன்தான் வந்து என்னைத் தூக்கிவிட்டான்.”

சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

“தம்பி,” என்றார், மேஜையில் இருந்த என் இடது கையைப் பார்த்துக்கொண்டு. விரலில் மை இருந்தது. இரண்டு நாளாக அந்தக் கை, வைப்புப் பணத்தை வாங்கிக்கொண்டதாக விதவை தர வேண்டிய ரசீதை எழுதிப் பழகிக்கொண்டிருந்தது. “ரேட்டுல தோத்தா எனக்கு வருத்தமில்லை. வியாபாரம். ஆனா இல்லாத ஒருத்தனுக்காக என்னை வருத்தப்பட வச்சுட்டீங்களே. வண்டியில போகையில அவன் புள்ளைகளை நெனச்சு நான் கண்ணு கலங்குனேன்யா.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எல்லாவற்றையும் சொன்னேன். இடது கை, அரக்கு, முன்சீப், பேதி, மறுநாள் அழைத்துப் போக வேண்டிய விதவை எல்லாம். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னார்: “நேத்து மலை மேல மேகம் இறங்கியிருந்துச்சு. இன்னும் பத்து நாளு தாங்குறது கஷ்டம். நீங்க அந்தப் பொம்பளையத் தேடிக்கிட்டு இருங்க.” எழுந்து போய்விட்டார்.

தம்பிகளே, வேலையில் ஒரு நிமிஷம் வரும். அதற்கு முன்னாலும் பின்னாலும் நீங்கள் எவ்வளவு பெரிய முட்டாளாக இருந்தாலும் பரவாயில்லை, அந்த நிமிஷத்தில் மட்டும் ஒழுங்காக இருந்தால் போதும். எனக்கு அது சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தது. வேலை போகும், ஒருவேளை ஜெயிலுக்கும் போக நேரும் என்று தெரிந்தே ராஜபாளையம் முகாமுக்குப் போனேன். துணைக்கு யாரும் இல்லை. பெரிய கிளார்க்குக்கு அன்று காலைதான் பல்வலி.

பிரசிடென்ட் வாசலைப் பார்த்தார். “அந்த அம்மா?”

“இல்லைங்க. அப்படி ஒரு அம்மா இல்லை. வேலாயுதமும் இல்லை. நான்தான் எழுதினேன்.”

நின்றபடியே சொல்லி முடித்தேன். பெரிய கிளார்க் சொல்லித்தான் செய்தேன் என்பதையும் சொன்னேன். அதை மறைத்து வீரனாகும் அளவுக்கு எனக்குப் பெருந்தன்மை இல்லை. அவர் பெட்டியைத் திறந்து விதிப்புத்தகத்தை எடுத்தார். அவருடைய சொந்தப் பிரதி.

“மூன்று டெண்டர் வேண்டும் என்பது எந்த விதி?”

எண்ணைச் சொன்னேன். அந்தப் பக்கத்தைப் பிரித்து என் பக்கம் திருப்பி வைத்தார். மூன்று டெண்டர் கேட்கப்பட வேண்டும் என்று அடியில் முடிந்திருந்தது.

“பக்கத்தைத் திருப்பு.”

திருப்பினேன். அடுத்த பக்கத்தின் முதல் வரி: ஒரே டெண்டர் வந்திருந்தால், காரணத்தை எழுதி, பிரசிடென்டின் சம்மதத்தோடு அதை ஏற்கலாம்.

அவ்வளவுதான். எங்கள் ஆபீசில் எத்தனையோ வருஷமாக எத்தனையோ கருப்பசாமிகளும் வேலாயுதங்களும் பிறந்து, தோற்று, மறைந்திருக்கிறார்கள். பக்கத்தை ஒருவரும் திருப்பவில்லை. எனக்குக் காது வரை சூடேறியது. தப்பு செய்ததைவிட, அது தேவையே இல்லாத தப்பு என்பதுதான் அதிகம் சுட்டது.

“உன்னை வேலையை விட்டு அனுப்பினால் கூரை வந்துவிடுமா?” என்றார் பிரசிடென்ட். பதிலை எதிர்பார்க்காமல் எழுத ஆரம்பித்தார். வேலாயுதத்தின் டெண்டர் ரத்து. ராவுத்தரின் டெண்டர், காரணம் எழுதப்பட்டு, ஏற்கப்பட்டது. “காரணம்” என்ற இடத்தில் நடந்ததை அப்படியே, என் பெயரோடு எழுதினார். இன்றும் அந்த ஃபைல் இருக்கும். கரையான் என்மேல் கருணை காட்டியிருந்தால் இருக்காது. எனக்குப் பதினைந்து நாள் சம்பளமில்லாத லீவ். “அந்தப் பதினைந்து நாளும் ராவுத்தரிடம் கூலியாளாக வேலை செய். ஆபீசுக்கு உள்ளே இருந்துகொண்டு ரேட் எழுதினாய் அல்லவா? ஓலை என்ன கனம் என்று தூக்கிப் பார்.”

பெரிய கிளார்க்குக்குக் கிடைத்த தண்டனை இன்னும் கொடுமை. தினமும் காலையில் ஆபீஸ் முழுவதும் கேட்க விதிப்புத்தகத்தில் ஒரு பக்கம் உரக்க வாசிக்க வேண்டும். மூன்றாம் நாளே அவருக்கு இருமல் வந்தது. இருமலோடு வாசித்தார். நல்ல குரல்தான்.

ராவுத்தரிடம் போய் நின்றபோது அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “வேட்டியை மடிச்சுக் கட்டுங்க” என்றார். நன்னடத்தைச் சான்று கேட்கவில்லை. அவருடைய ஆட்கள் முதல் நாளிலேயே எனக்கு வேலாயுதம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடப் பையன்களும் பிடித்துக்கொண்டார்கள். விதிப்படி அவர்கள் உள்ளே இருக்கும்போது நாங்கள் மேலே ஏறக் கூடாது என்பதால், வாத்தியார் எல்லாரையும் வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோய் உட்கார வைத்தார். அங்கே இருந்து பாடத்தைப் பார்க்காமல் எங்களைப் பார்த்தார்கள். நான் சறுக்கும்போதெல்லாம் ஒரே கூச்சல்.

ஓலை கனமாகத்தான் இருந்தது. மட்டையின் ரம்பம் போன்ற கருக்கு கையைக் கிழித்தது. ராவுத்தர் கீழே நின்றுகொண்டு, “கவர் ஒட்டுற மாதிரி ஓரத்தோட ஓரம் வைக்காதீக தம்பி. பாதிக்குப் பாதி மேல ஏத்தி வைங்க. தண்ணி வழியைத் தேடும்” என்று கத்துவார். மூன்றாம் நாள் அவர் என்னிடம் சாப்பாட்டைப் பகிர்ந்துகொண்டார். ஐந்தாம் நாள், வாய்க்காலில் விழுந்த கதையை அவரே தன் ஆட்களுக்கு நடித்துக் காட்டினார். பட்டாளத்துக்காரராகவும் அவரே நடித்தார். அவர்கள் உருண்டு புரண்டு சிரித்தார்கள். அந்த அரிசி மூட்டை என்ன ஆயிற்று என்று நான் கேட்டேன். “அந்தச் சின்ன வேலாயுதம் வீட்டுலயே எறக்கிட்டேன். அப்பன் இல்லாத பய” என்றார்.

பத்தாம் நாள் கூரை முடிந்தது. பதினொன்றாம் நாள் மத்தியானம் மலைப் பக்கம் இருண்டது. நானும் ராவுத்தரும் பள்ளிக்கூடத்தில் மீந்த பனை நாரைக் கட்டிக்கொண்டிருந்தோம். மழை கொட்ட ஆரம்பித்ததும் உள்ளே ஓடினோம். வாய்ப்பாடு நின்றுவிட்டது. வாத்தியார், பையன்கள், நாங்கள் இருவர், எல்லாரும் வாயைப் பிளந்து மேலே பார்த்துக்கொண்டு நின்றோம். காது அடைக்கும் சத்தம். ஒரு சொட்டு இல்லை.

பிறகு ஒரு சொட்டு. வாத்தியார் நாற்காலிக்கு நேர் மேலே. சந்தேகமே வேண்டாம், அது நான் கட்டிய இடம்.

வாத்தியார் நாற்காலியை நகர்த்தினார். பையன்கள் சொட்டுகளை எண்ண ஆரம்பித்தார்கள். ராவுத்தர் என்னைப் பார்த்தார்.

“ஏறுதீகளா, நான் ஏறவா?”

விதியைப் பார்க்காமல் ஏறினேன். மழையில் ஏணி வழுக்கியது. கண்ணைத் திறக்க முடியவில்லை. கீழே இருந்து ராவுத்தர் ஒரு மூங்கிலால் உள்பக்கம் தட்டி இடத்தைக் காட்டினார். அங்கே ஓரத்தோடு ஓரம் வைத்திருந்த என் ஓலை இருந்தது. அதைத் தூக்கி, இன்னொன்றை அதன்மேல் பாதிக்கு ஏற்றி, நாரைப் பல்லால் கடித்து இழுத்துக் கட்டினேன். குப்புறப் படுத்துக் காத்திருந்தேன். எண்ணுகிற சத்தம் இன்னும் கேட்டது. முப்பத்தாறு. முப்பத்தேழு. ரொம்ப நேரம் கழித்து முப்பத்தெட்டு.

அப்புறம் ஓலைக்கு அடியில் இருந்து அத்தனை பேரும் ஒன்றாகக் கத்தினார்கள்: “நின்னுருச்சு!”

அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கான காகிதங்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், வலது கையால். ஒன்றுகூட அப்படிச் சத்தம் போட்டதில்லை.